முடிச்சு தெரியாமல்

டோல்கேட், வாட்டர் டேங்க், காலேஜ், சந்தை. சென்னியப்பன் நான்கு பெயர்களையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு, திரையில் மேலே ஏறிப் பார்க்காமல், அடுத்த ஃபங்ஷனுக்கான எடுத்துக்காட்டை அடிக்கத் தொடங்கினார். மேலே ஏறினால் இதே நான்கு பெயர்கள் இதே வரிசையில் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கும், இருக்க வேண்டும், ஒன்றை எடுத்து இங்கே ஒட்டினால் வேலை முடிந்தது. ஒட்டக் கூடாது என்பது அவராகப் போட்டுக்கொண்ட விதி. சாயப்பட்டறை இயந்திரங்களுக்குக் கண்ட்ரோல் போர்டு செய்கிற சின்னக் கம்பெனி அது. கீழ்த்தளத்தில் சால்டரிங் புகை, மேல்மாடியில் நாலு மேசை, ஜன்னலுக்கு வெளியே சந்தையின் தகரக் கூரைகள் மதிய வெயிலில் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தன. போர்டு வாங்குகிறவர்கள் இனி தாங்களே சி மொழியில் நிரல் எழுதிக்கொள்ளலாம் என்று முதலாளி ரங்கராஜுலு யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டார், அதனால் உள்ளே இருக்கிற லிங்க்ட் லிஸ்ட்டுக்கு, ஒன்று அடுத்ததைக் காட்டுகிற அந்தச் சங்கிலிப் பட்டியலுக்கு, விளக்கப் புத்தகம் வேண்டும், எப்படி உருவாக்குவது, எப்படிச் சேர்ப்பது, நடுவில் செருகுவது, தேடுவது, எண்ணுவது, நீக்குவது, கடைசியில் எல்லாவற்றையும் விடுவிப்பது. எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம் என்பது சென்னியப்பன் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்த வாக்கியம். ஒரு பக்கத்தில் ஆப்பிளும் அடுத்த பக்கத்தில் மாணவர் பெயரும் வந்தால் படிக்கிறவன் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டும். ஆகவே பஸ் நிறுத்தங்கள். வீட்டிலிருந்து ஆபீஸ் வரைக்கும் அவர் தினமும் வருகிற வழி. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தன் பெயர் தெரியும், தனக்கு அடுத்தது எங்கே இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான் தெரியும். தனக்கு முன்னால் யார் என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டாலும் தெரியாது. முதல் நிறுத்தத்தைப் பிடித்து, அது காட்டுகிற இடத்துக்குப் போய், அது காட்டுகிற இடத்துக்குப் போய், காட்டுவதற்கு இடமில்லாத ஒன்று வரும்போது நின்றுவிட வேண்டும்.

"காப்பி பண்ணி ஒட்டுனா ரெண்டு நிமிசம் சார். நீங்க என்னமோ இம்போசிசன் எழுதற மாதிரி எழுதிட்டு இருக்கீங்க," என்று பக்கத்து மேசையிலிருந்து நஸ்ரின் காலையில் சொன்னாள். இந்தப் புத்தகத்தைப் படித்துத் திருத்த வேண்டியவள் அவள்தான். "கை மறந்துருமில்ல," என்று இவர் சொன்னார். அவள் சிரித்தாள். அவர் சொன்னது உண்மை என்பது அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் பார்க்காமல் எழுத வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு வரிசையாக வைத்து ஒப்பிட வேண்டும், ஒரு பெயர் மாறியிருந்தால், ஒரு வரிசை பிசகியிருந்தால், அப்போது தெரிந்துவிடும். வேலுச்சாமி அண்ணனுக்கு வந்தது தனக்கும் வந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். யாரிடமும் போய்க் கையை நீட்டிக் காட்டாமல், மகளைப் பயமுறுத்தாமல், சம்பளம் வாங்குகிற வேலைக்குள்ளேயே ஒளித்துவைத்த பரீட்சை. போன மாதம் கேஸ் அடுப்பின் முன்னால் தீப்பெட்டியோடு நின்று எதற்கு வந்தோம் என்று யோசித்தாரே, அது எல்லோருக்கும் வருவது. பூட்டிய வீட்டை மறுபடி பூட்டப் போனது, அதுவும் எல்லோருக்கும் வருவதுதான், மனைவி துளசிமணி இருந்தபோது அவளே எத்தனை தடவை பாதி வழியில், ஏனுங்க, மோட்டாரை நிறுத்துனனா என்று கேட்டிருக்கிறாள். ஆனால் அண்ணனுக்கும் அப்படித்தான் தொடங்கியது.

அண்ணன் எதையும் மறந்தவர் மாதிரியே இருக்கவில்லை, அதுதான் பயம். மறந்தவன் தலையைச் சொறிவான், தவிப்பான், நாக்கு நுனியில் நிற்கிறது என்பான் என்றுதான் சென்னியப்பன் அதுவரை நினைத்திருந்தார். அண்ணன் தவிக்கவே இல்லை. வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக உட்கார்ந்து பேசுவார், தோட்டத்தில் கிணறு வெட்டியதிலிருந்து தொடங்கி, பாறை வந்தது, வெடி வைத்தது, தண்ணி வந்தது, அடுத்த வெள்ளாமை, அதற்கடுத்த கல்யாணம், ஒன்றின் கையைப் பிடித்து ஒன்று வரும். கதை எங்கேயும் தடுக்காது. பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆளே காணாமல் போயிருப்பது தெரியும். லாரியில் அடிபட்டுச் செத்த மூத்த மகன் அந்தக் கதைகளில் வருவதே இல்லை. வர வேண்டிய இடத்தில் ஒரு நொடி தயக்கம்கூட இல்லை. அண்ணிதான் முதல் தடவை வாய் தவறி, "நம்ம செந்திலு இருந்திருந்தா" என்று சொல்லிவிட்டாள். அண்ணன் அவளை மலர்ந்த முகத்தோடு பார்த்தார். துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு, "அதான, அதான," என்றார். அதன்பிறகு எல்லாவற்றுக்கும் அதுதான். யார் எதைச் சொன்னாலும், தெரிந்ததோ தெரியாததோ, ஒரு சிரிப்பு, துண்டால் ஒரு துடைப்பு, அதான, அதான. வந்தவர்கள் எல்லாம் அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அண்ணனுக்காவது அண்ணி இருந்தாள், இல்லைங்க, அது அப்படி இல்லைங்க என்று எடுத்துச் சொல்ல. சென்னியப்பன் வீட்டில் எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. தப்பாகச் சொன்னால் சுவர் ஒத்துக்கொள்ளும்.

நீக்குவது. இந்தப் பக்கம்தான் பாடாய்ப் படுத்துகிறது. எதை நீக்குவது என்று உதாரணத்துக்குச் சொல்ல வேண்டும். வாட்டர் டேங்கை நீக்கலாம். டேங்க்கை இடித்து வெகுகாலம் ஆகிறது, டோல்கேட்டில் டோல் வாங்கி அதைவிட வெகுகாலம், இந்த ஊரில் நிறுத்தங்களுக்கு எல்லாம் இல்லாமல் போனவற்றின் பெயர்தான், கண்டக்டர் கூவும்போது செத்தவர்களைப் பட்டியல் போட்டுக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். சரி, வாட்டர் டேங்க். டோல்கேட் இதுவரை வாட்டர் டேங்கைக் காட்டிக்கொண்டிருந்தது, இனி அது காலேஜைக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு வாட்டர் டேங்க் பிடித்திருந்த நினைவிடத்தை விடுவித்துவிட வேண்டும், விடுவித்த பிறகு அந்த முகவரியைத் தொடக் கூடாது, தொட்டால் அங்கே பழையதே இருக்கலாம், வேறு யாருடையதோ இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அவர் அந்த வாக்கியத்தை எழுதினார், அழித்தார், மறுபடி அதையே எழுதினார். நீக்கிய பிறகு பட்டியலில் இடைவெளி இருக்காது என்று அடுத்த வாக்கியம். பீரோவில் ஒரு புடவையை உருவினால் அந்த இடம் குழியாகத் தெரியும், லிஸ்ட்டில் அப்படி இல்லை. முன்னது பின்னதைக் காட்டும். முதலிலிருந்து நடக்கிறவன் எதுவும் குறையாமல் கடைசி வரை போவான். எண்ணச் சொன்னால் மூன்று என்பான், மூன்றும் இருக்கிறது என்பான். எழுதிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அண்ணன்தான் இது. இல்லை, துளசிமணி. துளசிமணி மில்லில் கோன் சுற்றுகிற பிரிவில் இருந்தாள், நூலில் கனமாகவோ மெலிசாகவோ கெட்ட இடம் ஓடி வந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனையையும் முடிச்சுப் போட வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவருடைய லுங்கியிலிருந்து ஒரு இழையை உருவி, பல்லால் கடித்து, அவர் பார்க்கப் பார்க்க முடிந்து, அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து அதன்மேல் ஓட்டினாள். "எங்கீன்னு சொல்லுங்க பாக்கலாம்." அவர் அங்கே என்றார், இங்கே என்றார். "முடிச்சு தெரிஞ்சா கூலியில புடிச்சுக்குவாங்க. தடவுனாக்கூடத் தெரியக் கூடாது. அறுத்தெறிஞ்சது எறிஞ்சதுதான், துணி நெய்யறவனுக்கு அப்படி ஒண்ணு இருந்ததே தெரியாது." அவள் விரல் நுனிகள் எப்போதும் வழுவழுப்பாக, ரேகையே தேய்ந்துபோய் இருக்கும், கடைசியில் ஆஸ்பத்திரியில் கைரேகை வைக்கச் சொன்னபோது மிஷின் எடுத்துக்கொள்ளவில்லை, அந்தப் பெண் திரும்பத் திரும்ப அவள் விரலைத் துடைத்துத் துடைத்து அழுத்தினாள். காலையில் இருவரும் ஒரே பஸ்தான். டோல்கேட்டில் சேர்ந்து ஏறுவார்கள், அவருக்கு இடம் கிடைத்தால் அவளை உட்கார வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வார், வாட்டர் டேங்க் வரும்போது வீட்டுச் சண்டையின் மிச்சத்தைத் தாழ்ந்த குரலில் பேசி முடிப்பார்கள், காலேஜ் வரும்போது அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். சந்தையில் அவர் இறங்குவார். அப்படித்தான் எத்தனையோ வருஷம். எட்டு மாதமாக டோல்கேட்டிலேயே இடம் காலி.

விடுவிப்பது, சி மொழியில் ஃப்ரீ, என்ற கடைசிப் பக்கத்தையும் முடித்தார். ஒவ்வொன்றாக விடுவிக்கும் முன் அதற்கு அடுத்தது எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் எல்லாம் எங்கோ இருந்துகொண்டே இருக்கும், போய்ச் சேர வழி மட்டும் இருக்காது. பிறகு உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மேலே ஏறினார். உருவாக்குவது: டோல்கேட், வாட்டர் டேங்க், காலேஜ், சந்தை. சேர்ப்பது: அதேதான். செருகுவதில் வாட்டர் டேங்க்குக்கும் சந்தைக்கும் நடுவில் காலேஜைச் செருகியிருந்தார், முடிவில் அதே நான்கு. தேடுவது. எண்ணுவது, விடை நான்கு. எழுத்துப் பிழைகூட இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறிது நேரம் வெறும் வெளிச்சமாகத் தெரிந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பக்கமும் வேறு வேறு நாள், வேறு வேறு மனநிலை, ஒரு பக்கம் துளசிமணியின் மாதத் திதி அன்று எழுதியது, அதிலும் மாறவில்லை. தலை சரியாகத்தான் இருக்கிறது. தீப்பெட்டி எல்லோருக்கும் வருவதுதான். கீழேயிருந்து டீ வந்தது, ஏலக்காய் போட்டிருந்தார்கள், அல்லது எப்போதும் போடுவார்களோ, இன்றைக்குத்தான் அது தெரிந்தது. முழுவதையும் நஸ்ரினுக்கு அனுப்பினார்.

அவள் படிக்கும்போது உதடு அசையும். பென்சிலால் காதைத் தட்டிக்கொள்வாள். இரண்டு பக்கம் போன பிறகு சிரித்தாள், இன்னும் கொஞ்சம் போய் மறுபடி சிரித்தாள், கடைசிப் பக்கத்தில் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"என்ன சார், எங்க ஏரியா மேல என்ன கோவம் உங்களுக்கு?"

"ஏம்மா?"

"பால் டிப்போ எங்க சார்? வாட்டர் டேங்க்குக்கு அடுத்து நேரா காலேஜுக்குக் கொண்டுட்டுப் போயிட்டீங்க. எல்லாப் பக்கத்துலயும். நாங்கெல்லாம் வாட்டர் டேங்க்ல எறங்கி நடந்து போகணுமா?"

பால் டிப்போ. ஆமாம், பால் டிப்போ. அவள் சொன்ன உடனே அது அங்கே இருந்தது, எப்போதும் இருந்த இடத்தில், நீல நிழற்குடை, ஒடிந்த பெஞ்சு, எதிரில் மில்லின் நீண்ட மதில். அது இருந்தது. ஒரு நொடிக்கு முன்னால் அது இல்லை, இல்லை என்பதும் இல்லை.

"வேணும்னுதான் விட்டேன்," என்றார். "நாலு போதும், சிறுசா இருக்கட்டும்னு."

"அதுக்கு வாட்டர் டேங்கைத் தூக்கியிருக்கலாமில்ல? அங்க ஏர்றதுக்கு ஆளே கெடையாது. சரி, நீக்கறதுல அதையும் தூக்கிட்டீங்க. எங்களை மட்டும் சொல்லாமக் கொள்ளாம ஃப்ரீ பண்ணிட்டீங்க." அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "எங்கம்மாகிட்டச் சொன்னாச் சண்டைக்கு வந்துரும் சார்."

ரங்கராஜுலு தன் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்து என்ன சிரிப்பு என்று கேட்டார், நஸ்ரின் சொன்னாள். "எல்லாப் பக்கத்துலயும் ஒரே மாதிரி இருக்குதுங்களா சென்னி?" என்றார் முதலாளி. இருக்கிறது என்று இவர் சொன்னார். "அப்புறம் என்ன. அவங்களுக்கு வேண்டியது அதுதான். படிக்கறவன் என்ன நம்ம ஊர் பஸ்ஸுலயா போகப் போறான். அனுப்பிருங்க." அனுப்பியாயிற்று.

அதன்பிறகு அவர் மேசையில் செய்ய ஒன்றும் இல்லை. திரையில் எழுத்துகள் இருந்தன. ஏழு பக்கமும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போவதைப் பார்த்துத்தானே நிம்மதியாக டீ குடித்தார், ஏழும் ஒரே தப்பு என்றால் ஒப்பிட்டு என்ன பயன், அண்ணனும் தினம் தினம் அதே கதையை ஒரு சொல் மாறாமல்தான் சொன்னார். பரீட்சையை எழுதியவரும் திருத்தியவரும் ஒரே ஆள். ஆனால் பால் டிப்போ வேறு விஷயம், அது துளசிமணி இறங்குகிற இடம், அந்தப் பெயரைச் சொன்னால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் படியில் இறங்குவது வந்துவிடும் என்று மனசே அதை ஒதுக்கியிருக்கலாம், பட்ட இடத்தில் கை படாமல் குளிப்பதில்லையா, அப்படி. அதுதான். அது துக்கம், வியாதி இல்லை. துக்கம் என்றால் வலிக்க வேண்டுமே. ஏழு தடவை அந்த இடத்தைத் தாண்டியிருக்கிறார், வலித்ததா? வழுவழுப்பாக இருந்தது. மனசு வலிக்காமல் ஒதுக்குமா, ஒதுக்கும், அதற்குத்தானே ஒதுக்குவது. அப்படியானால் அண்ணனும் செந்திலை அப்படித்தான் ஒதுக்கினாரா, அங்கே தொடங்கித்தான் பிறகு அண்ணியின் பெயரையே மறப்பது வரைக்கும் வந்ததா. அவர் தன்னைச் சோதிக்கத் தொடங்கினார், சோதிப்பதற்கும் இருக்கிற பட்டியலில்தானே நடக்க வேண்டும். கல்யாணம். டோல்கேட்டில் ஓட்டு வீடு. பூங்கொடி பிறந்தது. எலக்ட்ரீசியன் வேலையை விட்டுவிட்டு, ஜெராக்ஸ் எடுத்த பக்கங்களை வைத்துக்கொண்டு இரவெல்லாம் சி படித்தது, துளசிமணி கொசுவர்த்தியை அவர் கால்மாட்டுக்கு நகர்த்தி வைத்தது. இந்த வேலை. பூங்கொடி கல்யாணம், மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. துளசிமணிக்கு முதுகுவலி என்று ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி. ஒன்று ஒன்றைக் காட்டுகிறது, எங்கேயும் தடுக்கவில்லை, எல்லாம் இருக்கிறது. எல்லாம் இருக்கிறது என்பதுதான் உள்ளங்காலில் இருந்து குளிர்ந்துகொண்டு வந்தது. நஸ்ரினுக்குப் பால் டிப்போ தெரியும், அதனால் கேட்டாள். இதற்கு நடுவில் என்ன இருந்தது என்று தெரிந்தவள் ஒருத்திதான், அவளை எட்டு மாதத்துக்கு முன் ஒரு புதன்கிழமை மத்தியானம் எரித்தார்கள்.

சாயங்காலப் பஸ்ஸில் கூட்டம். சந்தையில் ஏறியவர்களின் வெங்காயச் சாக்கும் கறிவேப்பிலையும் மணத்தன. நஸ்ரின் முன்னால் பெண்கள் பக்கம் நின்றாள். திரும்பி வருகிற வழி புத்தகத்தில் இல்லை, இந்த வகை லிஸ்ட்டில் பின்னால் போக முடியாது என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். காலேஜில் பையன்கள் தொற்றிக்கொண்டார்கள். அவர் ஜன்னல் ஓரம் குனிந்து, ஒன்றும் நழுவிவிடாமல் பார்த்துக்கொண்டே வந்தார், மரம், பெட்ரோல் பங்க், கோழிக்கடை. "பால் டிப்போ எறங்கு, பால் டிப்போ," என்று கண்டக்டர் கூவினான், தினமும் இதையேதான் இதே குரலில் கூவியிருப்பான். நஸ்ரின் இறங்கி ஜன்னலுக்குக் கீழே வந்து தட்டினாள். "பாத்துக்கங்க சார், இதுதான் பால் டிப்போ. நாளைக்குப் புஸ்தகத்துல சேத்துருங்க," என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். அவர் பார்த்தார். நீல நிழற்குடை, ஒடிந்த பெஞ்சு, மில் மதிலில் பழைய தேர்தல் எழுத்து. எல்லாம் தெரிந்தது. துளசிமணி இறங்கியதும் திரும்பிப் பார்க்க மாட்டாள், ரோட்டைக் கடந்து மதிலோரமாகப் போகும்போது இடது கையால் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள், அந்த ஒரு அசைவு அவருக்காக என்று அவருக்குத் தெரியும். அதுவும் வந்தது. கண் நிறைந்தது, வலித்தது, வலிக்கிறதே என்று அவருக்கு அப்படி ஒரு ஆறுதலாக இருந்தது. ஒதுக்கித்தான் வைத்திருக்கிறது, தொலைக்கவில்லை. பஸ் நகர்ந்தபோது மூச்சை முழுதாக விட்டார், பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பூங்கொடி தினமும் இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள். "அப்பா, கெளம்பிட்டீங்களா? எங்க வர்றீங்க?"

"பால் டிப்போ தாண்டிட்டேன் சாமி," என்றார். அந்தப் பெயரைச் சொல்லவேண்டும் போல இருந்தது, சொன்னார், இன்னொரு தடவையும் சொன்னார். "இப்பத்தான், பால் டிப்போ."

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் இப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை.

"பால் டிப்போன்னாலே எனக்கு அந்தச் செருப்புதானுங்கப்பா ஞாவகம் வருது. அம்மா ஒத்தைச் செருப்போட எறங்கிருச்சு, நீங்க குதிச்சு பஸ்ஸு பின்னாடியே ஓடி, காலேஜ்ல புடிச்சுச் செருப்பை எடுத்துட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தா, அது வேற யாரோ பொம்பளை செருப்பு. அம்மா அதையுந்தான் ஒரு வருசம் போட்டுட்டுத் திரிஞ்சுதே, ஒரு காலு செவப்பு ஒரு காலு கறுப்புன்னு. எத்தனை தடவை சொல்லிருப்பீங்க, என் கல்யாணத்துல கூட மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை உக்கார வெச்சு நீங்கதான் நடிச்சுக் காட்டுனீங்க, ஓடற மாதிரி."

பஸ் வாட்டர் டேங்க்கில் நின்றது. யாரும் ஏறவில்லை. அவர் பார்த்தார், எல்லாப் பக்கமும் பார்த்தார், கல்யாண மண்டபம் இருந்தது, பந்தி இருந்தது, சம்பந்திகள் வரிசையாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது இல்லை. செவப்பு இல்லை, கறுப்பு இல்லை. ஓடிய கால்கள் இவருடையவை.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா? அந்தச் செருப்பு."

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். முகம் தானாக மலர்ந்தது.

"அதான," என்றார். "அதான."